கேமரா மெக்கானிக்கின் முதல் புத்தகம்

கேமரா பழுதுபார்க்கக் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கும் இளைஞருக்குப் பொதுவாக இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மேனுவலை எப்படியாவது தேடிப் பிடி, மற்றதெல்லாம் வீண் என்பது ஒன்று. புத்தகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல மெக்கானிக் ஒருவரிடம் போய் உட்கார் என்பது இன்னொன்று. இரண்டையும் அனுபவசாலிகள்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனாலும் சித்தூரிலோ திருப்பதியிலோ இன்று இந்தத் தொழிலைத் தொடங்க நினைப்பவருக்கு இரண்டும் போதாது என்பது என் கருத்து. அவர் முதலில் வாங்க வேண்டியது ஐடிஐ மாணவர்கள் படிக்கும் பிட்டர், எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் தொழிற்பாட நூல்களை. கேமரா பழுது பற்றிய பொது நூல் அடுத்தது. குறிப்பிட்ட மாடலின் சர்வீஸ் மேனுவல் கடைசியில் வர வேண்டியது. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் கழற்றத் தெரிந்தவர்களாக நின்றுவிடுகிறார்கள். கழற்றியதைச் சரியாக்கித் திரும்ப மாட்டுவதற்கு வேறொரு அறிவு வேண்டும், அது இந்த வரிசையில்தான் கிடைக்கிறது.

நூலைத் தேர்வதற்கு முன் மேசைக்கு என்ன வரும் என்று பார்க்க வேண்டும். 1911இல் உருவான பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இரண்டு ஊர்களிலும் பழுதுக்கு வரக்கூடிய கேமராக்கள் மூன்று வகை. முதல் வகை வீட்டு அலமாரிகளில் கிடக்கும் பிலிம் கேமராக்கள்: பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த யாஷிகா, பழைய ஸ்டூடியோக்களின் நிக்கான், பென்டாக்ஸ். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் கற்பதற்கு இவற்றை மிஞ்சியவை கிடையாது. இரண்டாவது வகை கல்யாண போட்டோகிராபர்களின் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களும் லென்ஸ்களும். முகூர்த்த நாட்களில் திருமலையிலும் அடிவாரத்திலும் நடக்கும் திருமணங்களின் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கு அந்த ஷட்டர்கள் படும் பாடு தெரியும். மூன்றாவது வகை சிசிடிவி. விடுதி, சத்திரம், கடை, கல்யாண மண்டபம் என்று யாத்திரிகர் கூடும் ஊரில் அது இல்லாத சுவரைத் தேட வேண்டும். டிக்சன் நிறுவனமும் சிபி பிளஸ் கேமராக்களின் ஆதித்யா இன்ஃபோடெக்கும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை, கடப்பா மாவட்டத்துக்கு இடம் மாறுவதற்கு முன்பு, திருப்பதியில்தான் கண்காணிப்புக் கேமராக்களைத் தயாரித்தது. இந்த மூன்று வகைக்கும் பொதுவாக ஒரே சர்வீஸ் மேனுவல் எங்கும் கிடையாது. பொதுவாக இருப்பவை நுண்ணிய திருகுகள், நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கு, மின்சுற்று, ஒளி. கற்றல் அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

சர்வீஸ் மேனுவலை மட்டமாகப் பேசுவது என் நோக்கமல்ல. நிக்கானோ கேனானோ வெளியிட்ட மேனுவலைப் போலத் துல்லியமான தொழில்நுட்ப எழுத்து குறைவு. எந்த ஸ்க்ரூ எந்த நீளம், எந்தப் பல்லுக்கு எந்த கிரீஸ், எந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் வரைபடத்தோடு இருக்கும். சிக்கல், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. கம்பெனிப் பயிற்சி முடித்து, கம்பெனியின் கருவிகள் சுவரில் தொங்க, உதிரிபாகம் கேட்டால் மறுநாள் வரும் என்ற நிலையில் வேலை செய்பவரை நோக்கி அது பேசுகிறது. நிக்கான் மேனுவல்கள் தனிக்கருவிகளை ஜே என்ற எழுத்தில் தொடங்கும் குறியீட்டெண்ணால் சொல்லும். கேனான் தன் எண்ணெய் வகைகளுக்கும் கருவிகளுக்கும் தனி எண் வைத்திருக்கிறது. அந்தக் கருவி என்ன செய்கிறது, அது இல்லாவிட்டால் அதே அளவை வேறெப்படிப் பெறுவது என்பதை மேனுவல் சொல்லாது. சொல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. மேலும் பெரும்பாலான பக்கங்கள் கழற்றும் வரிசைக்கும் மாட்டும் வரிசைக்கும் போய்விடுகின்றன. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டவருக்கு அது வழிகாட்டி. தெரியாதவருக்கு அந்த வரிசை கேமராவை முழுக்கக் கழற்றிப் போட வைக்கும், அவ்வளவுதான்.

மேனுவலின் மௌனத்துக்கு ஒரு சின்ன உதாரணம் ஸ்க்ரூவின் தலை. ஜப்பானியக் கேமராக்களின் நான்குமுனை ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பிலிப்ஸ் வகை ஸ்க்ரூடிரைவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிலிப்ஸ் முனை ஜப்பானியப் பள்ளத்தின் அடிவரை இறங்காமல் மேலேயே நின்றுவிடும். அழுத்தித் திருகினால் வழுக்கி எழும்பி, பள்ளத்தின் ஓரத்தைச் சீவிவிடும். இறுக்கமாக, அதுவும் பசை வைத்துப் பூட்டிய ஸ்க்ரூ என்றால் இரண்டாவது முயற்சியிலேயே தலை மழுங்கும். பிறகு அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும், துளைத்த உலோகத்தூள் ஷட்டருக்குள் விழும். ஜப்பானில் எழுதும் மேனுவல் ஆசிரியருக்கு இதை எச்சரிக்க வேண்டிய அவசியமே எழவில்லை, அவர் மேசையில் வேறு வகை ஸ்க்ரூடிரைவர் இருந்ததில்லை. நம் மேசையில் இருப்பது வேறு.

இரண்டாவது அலமாரி ஆங்கிலத்தில் வந்த பொது நூல்கள். தாமஸ் டோமோசியின் கேமரா பராமரிப்பு, பழுது பற்றிய இரண்டு பாகங்கள், எட் ராம்னியின் அடிப்படைப் பயிற்சி நூல், கியேவிலிருந்து மைசன்பெர்க் எழுதிய ரஷ்யக் கேமராக்களின் அமைப்பும் பழுதும் பற்றிய நூல் ஆகியவை இத்துறையில் பலரும் நாடுபவை. டோமோசி புகைப்படங்களோடு மாடல் மாடலாகப் போகிறார். ராம்னி, எளிய கருவிகளோடு வேலை செய்பவரின் பக்கம் நின்று எழுதுகிறார். அந்த வகையில் நமக்கு நெருக்கமானவர். ஸெனிட், ஸோர்க்கி கையில் வந்தால் மைசன்பெர்க் பயன்படுவார். இவற்றோடு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து எங்கிள்வுட் ஊரிலிருந்த நேஷனல் கேமரா பள்ளியின் அஞ்சல்வழிப் பாடங்களையும் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்தே படித்து மெக்கானிக் ஆக விரும்பியவருக்காகவே எழுதப்பட்டவை என்பதால், நம் இளைஞரின் நிலைமைக்கு மிகவும் பொருந்துபவை அவைதான். இந்த நூல்களை இரண்டாவது இடத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், இவற்றின் செய்முறைக் குறிப்புகளில் ஒரு பகுதி காலாவதியாகிவிட்டது, இன்னொரு பகுதி இந்த மண்ணுக்குப் பொருந்தாது. எந்தப் பகுதி என்று பிரித்தறிய முன்னறிவு வேண்டும்.

காலாவதிக்கு பேட்டரி நல்ல சாட்சி. 1960, 70களின் பல கேமராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பி அமைந்தது. பழைய நூலைத் திறந்தால் புது பாதரச பேட்டரி போட்டுச் சரிபார் என்றிருக்கும். அந்த பேட்டரி இன்று கிடையாது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் உலகெங்கும் ஒழிக்கப்பட்டுவிட்டது. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், சில்வர் ஆக்ஸைடு 1.55 வோல்ட். எதையாவது போட்டால் சில கேமராக்களில் மானி தவறாகக் காட்டும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கிலோ ஏறக்குறையச் சரியாகவே காட்டும், ஏனென்றால் அதன் உள்ளே இருப்பது பிரிட்ஜ் சர்க்யூட். இரு கிளைகளின் சமநிலையை அது பார்க்கிறது, வோல்ட் சற்றுக் கூடினாலும் சமநிலைப் புள்ளி நகராது. வீட்ஸ்டோன் பிரிட்ஜைப் படித்த ஐடிஐ மாணவனுக்கு இது ஒரு வாக்கியத்தில் புரியும். படிக்காதவர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். மண்ணுக்குப் பொருந்தாமைக்குச் சாட்சி பூஞ்சை. கொலராடோ வறண்ட மேட்டுநிலம். திருப்பதியில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் எழுபது சதவீதத்துக்கு மேல் நிற்கும். 2021 நவம்பரில் நகரமே வெள்ளத்தில் தவித்தது. எண்ணூற்றைம்பது மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் கிடக்கும் திருமலையிலிருந்து இறங்கி வரும் லென்ஸ், தோல் பையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். துடைத்தால் போகும் கட்டம் எது, மேற்பூச்சையே அரித்துவிட்ட கட்டம் எது என்று தெரிவதே இங்கே பாதித் தொழில். இதற்கு இரண்டு பத்தி மட்டும் ஒதுக்கும் நூல் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் இந்த ஊருக்குப் பாதி நூல்தான்.

செய்முறைக்கும் காரணத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு பழகிய கோளாறுகளில் தெளிவாகத் தெரியும். 1966இல் வெளிவந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமராவின் உள்ளே, ஷட்டர் பொத்தானோடு இணைந்த தண்டு வந்து மோத ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கும். அரை நூற்றாண்டில் அது மட்கி உதிர்ந்துவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள கேமராவில் பிலிமை நகர்த்தும் நெம்பை இழுக்கும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ரப்பர் போனதில் அந்தச் சத்தம் வராது, எக்ஸ்போஷர் தாறுமாறாகும். வெளியே தெரியும் அறிகுறி மின்சாரக் கோளாறு போலவே இருப்பதால் புதியவர் சர்க்யூட்டைத் தோண்டுவார். கேனான் ஏஇ-1 கேமராவில் நிலைமை நேரெதிர். பொத்தானை அழுத்தும்போது இருமல் மாதிரி ஒரு கீச்சொலி வரும். ஷட்டர் போய்விட்டது என்று உரிமையாளர் நினைப்பார். அந்தச் சத்தம் ஷட்டரிலிருந்து வருவதில்லை. மிரரின் வேகத்தை அடக்கும் சின்னப் பற்சக்கரத்தில் எண்ணெய் உலர்ந்துபோனதால் வருவது. அங்கே ஊசிமுனையளவு எண்ணெய் போதும். ஷட்டர் திரையில் எண்ணெய் விட்டால் நல்ல கேமரா கெடும். இரண்டு தகவலையும் ஒருவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த வாரம் வருவது மூன்றாவது மாடலாக இருக்கும். ஓர் அசைவு எந்தப் பாகத்தில் பிறந்து எதன் வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று தொடர்ந்து போகப் பழகியவருக்கு மூன்றாவதும் வசப்படும். அந்தப் பழக்கத்தைப் பாடத்திட்டமாக வைத்திருப்பவை தொழிற்பாட நூல்கள்.

சென்னை கிண்டியில் இருக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனத்தை, அதாவது நிமியை, இந்த இடத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். 1986இல் ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கி, 1999இல் தன்னாட்சி பெற்ற இந்த நிறுவனம்தான் நாடு முழுவதும் ஐடிஐ மாணவர்கள் படிக்கும் நூல்களை உருவாக்குகிறது. கோட்பாட்டுக்கு ஒரு நூல், செய்முறைக்கு ஒரு நூல். செய்முறை நூலின் ஒவ்வொரு பயிற்சியும் முதலில் ஒரு வரைபடத்தையும் அளவுகளையும் காட்டும்; தேவையான கருவிகளைச் சொல்லும்; வேலையின் வரிசையைச் சொல்லும்; பிறகு அந்த வேலைக்குள் ஒளிந்திருக்கும் கைத்திறனைத் தனியே பிரித்துக் காட்டும். வரிசை வேறு, திறன் வேறு என்ற இந்தப் பிரிப்பு எளிதாகத் தோன்றலாம். கேமரா பழுது பற்றிய நூல்களில் இவ்வளவு கறாராக அது வருவது அரிது. பிட்டர் போன்ற பெரிய தொழிற்பிரிவுகளின் நூல்கள் தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கின்றன. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் என்று வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் நிறைந்த பகுதி இது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் அங்கேயேதான் இருக்கிறது. ஒரே வரைபடத்தை இரண்டு மொழியிலும் வைத்துப் படிக்கக் கிடைக்கும் வசதியை இப்பகுதிக் கற்போர் பயன்படுத்தாமல் விட்டால் அது பெரிய இழப்பு.

பிட்டர் நூலுக்கும் கேமராவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர், லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை நினைத்துப் பார்க்கட்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ., கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. அதில் 0.05 மி.மீ. பிழை என்பது ஒரு தலைமுடியின் கனத்தை எட்டாது. எஃப் 1.8 லென்ஸைத் திறந்து வைத்துக் கணக்குப் போட்டால், கூர்மையான ஒரு புள்ளி 0.05-ஐ 1.8-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது சுமார் 0.028 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக விரியும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.004 மி.மீ.; எனவே அந்தப் புள்ளி ஏழு பிக்சல் அகலத்துக்கு மங்கிவிடும். தூசி துடைக்கவோ வேறு பாகத்தை எட்டவோ சென்சாரைக் கழற்றுபவர், அதன் மூன்று ஸ்க்ரூக்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை இடம் மாற்றி வைத்துவிட்டால் சென்சார் சாய்ந்து உட்காரும். கல்யாண வீட்டுக் குழுப் படத்தில் வலது கோடியில் நிற்கும் சித்தப்பாக்கள் மட்டும் மங்கலாக வருவது இப்படித்தான். இந்தத் தவறைத் தடுக்கத் தேவையான எல்லாம் பிட்டர் நூலில் இருக்கிறது: 0.02 மி.மீ. வரை வாசிக்கும் வெர்னியர், 0.01 மி.மீ. வாசிக்கும் ஆழ மைக்ரோமீட்டர், இந்தியத் தர அளவு 919 சொல்லும் வரம்புகளும் பொருத்தங்களும், ஷிம் தகட்டின் வேலை, கழற்றுவதற்கு முன்பே அளந்து எழுதி வைக்கும் ஒழுங்கு. கேமரா என்ற சொல்லே அந்த நூலில் வராமல் போகலாம். அதனால் அது கேமராவுக்கு அந்நியமான நூலாகிவிடாது.

எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் நூலின் தேவை உயிரோடு சம்பந்தப்பட்டது. பிளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும், சட்டைப்பையில் அடங்கும் சின்னக் கேமரா உட்பட, ஒரு கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வரை மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டால் ஆபத்தில்லை என்று புதியவர் நினைக்கிறார். பேட்டரி போன பிறகும் அந்த மின்னேற்றம் நெடுநேரம் தங்கும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ‘பட்’ என்று இறக்கும் வழக்கம் பல மேசைகளில் உண்டு. அது கெப்பாசிட்டரையும் பக்கத்துச் சர்க்யூட்டையும் கெடுக்கும், கண்ணில் தீப்பொறி தெறிக்கும். பொருத்தமான ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்கி, மல்டிமீட்டரில் சுழி வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும் என்பதைக் கெப்பாசிட்டர் பாடத்தைப் படித்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சிசிடிவியில் பாதிக் கோளாறுகள் மின்வழங்கியிலும் இணைப்பிகளிலும் ஈரம் புகுந்த உறையிலும்தான். நுண்ணிய பாகங்களை சால்டரிங் செய்யும் பயிற்சி இல்லாமல் இன்றைய லென்ஸின் ரிப்பன் கேபிளைத் தொடக்கூடாது.

ஒளியியலுக்குத் தனி நூல் தேடி அலைய வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடநூலின் ஒளியியல் பகுதியை ஊன்றிப் படித்தாலே போதும். சோவியத் காலத்தில் மீர் பதிப்பகம் தமிழில் தந்த பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ பழைய புத்தகக் கடையில் அகப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கும் புத்தியை அது போல வளர்த்த நூல்கள் தமிழில் அதிகம் இல்லை.

இனி எதிர்வாதங்கள். இது கைத்தொழில், குருவிடம் உட்கார்ந்துதான் வரும் என்பது முதல் வாதம், வலுவானதும் கூட. ஸ்க்ரூ எவ்வளவு இறுகினால் போதும், பிளேடு எந்தச் சத்தத்தோடு விழ வேண்டும் என்பதை எந்தத் தாளும் கற்றுத்தராது. ஆனால் குருமுறை நன்றாக நடந்த காலத்தின் நிலைமையையும் நினைக்க வேண்டும். ஒரே மாடல் கேமரா நூற்றுக்கணக்கில் ஊரில் புழங்கியது, அதே கோளாறு வாராவாரம் வந்தது, பத்தாவது முறை பார்க்கும்போது சீடனுக்கும் கை பழகியது. இன்று மாடல்கள் பெருகி, ஒவ்வொன்றும் சில எண்ணிக்கையில்தான் வருகின்றன. ஒரே கோளாறு இரண்டாம் முறை வர மாதங்கள் ஆகலாம். பிலிம் கேமராவில் கரைகண்ட மூத்த மெக்கானிக்குகளில் பலர் டிஜிட்டலுக்கு மாறாமலேயே தொழிலை விட்டார்கள். உதகமண்டலத்தில் 1967 முதல் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டதோடு மறைந்தது இந்து பிலிம் மட்டுமா, அதைச் சுற்றி வாழ்ந்த ஒரு தொழிலறிவும்தான். குரு கிடைத்தவர் பாக்கியசாலி. அவரும் புத்தகத்தோடு போனால் குருவிடம் நல்ல கேள்வி கேட்க முடியும். குரு கிடைக்காதவருக்கு நூலைத் தவிர வேறு துணை எது?

காணொளி இருக்கும்போது நூல் எதற்கு என்பது இரண்டாவது வாதம். கழற்றும் அசைவைக் காட்டுவதில் காணொளியை எந்த நூலும் வெல்லாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது ஒரே ஒரு கேமராவை, அதுவும் சரியாகிவிட்ட ஒன்றைக் காட்டுகிறது. டிஎஸ்எல்ஆர் போகஸ் கொஞ்சம் பின்னால் விழுகிறது என்றால் இரண்டாம் மிரரைத் தாங்கும் சின்ன முளையைத் திருப்பு என்று பரவியிருக்கும் யோசனையைப் பாருங்கள். சில கேமராக்களில் திருப்பினால் உண்மையிலேயே மாற்றம் தெரியும். ஆனால் டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்குப் போகும் பாதை, போகஸ் சென்சாருக்குப் போகும் பாதை, கண்ணாடித் திரைக்குப் போகும் பாதை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிழை சென்சார் பக்கத்தில் இருக்கும்போது முளையைத் திருப்பியவர், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மறைக்கிறார். கோளாறு லென்ஸில் இருந்தால் அந்த ஒரு லென்ஸுக்குச் சரியாகி மற்ற எல்லாவற்றுக்கும் கெடும். எந்தப் பாதையில் பிழை என்று முதலில் சோதித்துப் பிரிக்கும் பகுதி காணொளியில் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும், அதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. நூலில் அது ஒரு அட்டவணையாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய்க் கையோடு திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

ஐடிஐ நூல்கள் தேர்வுக்காக எழுதப்பட்டவை, வறண்டவை என்ற குறையையும் கேட்கிறேன். உண்மைதான். முழுதாகப் படிக்கச் சொல்லவும் இல்லை. பிட்டர் நூலில் வெல்டிங், குழாய் வேலை, தகடு வேலையை விட்டுவிடலாம். அளவீடு, திருகுமரை, பொருத்தம், மசகு, அரம் பிடித்தல் வரை போதும். அரம் பிடிப்பது எதற்கு என்று கேட்கலாம். ஓர் இரும்புத் துண்டை இரண்டு பக்கமும் இணையாக, நூறில் சில மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தவருக்கு 0.05 மி.மீ. என்பது வெறும் எண்ணாக இருக்காது, விரலில் தங்கிய அளவாக இருக்கும்.

கேமராவே சாகும் பொருள், இதற்கு ஏன் இவ்வளவு படிப்பு என்று கேட்பவர்களுக்கு ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்கே துணை: 2010இல் 12 கோடியைத் தாண்டிய டிஜிட்டல் கேமரா விநியோகம் 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே விழுந்துவிட்டது. ஆனால் விழுந்ததில் பெரும்பங்கு கைப்பேசி விழுங்கிய மலிவான சின்னக் கேமராக்கள்; அவை அன்றும் பழுதுக்கு வந்தவை அல்ல, தூக்கியெறியப்பட்டவை. இன்று விற்பவை லட்சக்கணக்கில் விலையுள்ளவை, கடன் வாங்கி வாங்கப்படுபவை. ஒரு ஷட்டர் போனால் புதுக்கேமரா வாங்க முடியாத போட்டோகிராபர் அதைச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ அனுப்பிவிட்டு முகூர்த்த வாரத்தில் வாடகைக் கேமராவோடு நிற்கிறார். கேமராக்களின் எண்ணிக்கை குறைந்து விலை ஏறும்போது பழுதுபார்ப்பவரின் மதிப்பு கூடும். அரைகுறையாகப் பார்ப்பவரால் வரும் நஷ்டமும் அதே அளவுக்குக் கூடும்.

எனவே, கடையில் கையில் எடுத்த நூலை வாங்குவதற்கு முன் சில பக்கங்களைப் புரட்டிச் சோதிக்கலாம். கேமராவைத் திறப்பதற்கு முன் வெளியிலிருந்தே என்னென்ன பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறதா? ஓர் இடைவெளியைச் சொல்லும்போது அளவையும், எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறதா, அல்லது ‘சரியாகப் பொருத்தவும்’ என்று நழுவுகிறதா? தவறாக மாட்டினால் என்ன அறிகுறி தெரியும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எதைத் தொடவே கூடாது என்று சொல்லும் துணிவு அதற்கு இருக்கிறதா? படங்கள் வேலை செய்பவரின் கோணத்திலிருந்து எடுக்கப்பட்டவையா, எதிரே நிற்பவரின் கோணத்திலிருந்தா? அது சொல்லும் கரைப்பான் சென்னை ரிட்சி தெருவிலோ உள்ளூர் மருந்துக் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்றதா? கிடைக்காத ஒன்றைச் சொல்லும் நூல், கடைசியில் படிப்பவரைப் பெட்ரோலைத் தொட்டுத் துடைக்க வைக்கும்; உலர்ந்த பெட்ரோல் விட்டுச்செல்லும் படலம் ஷட்டர் பிளேடுகளை ஒட்டிக்கொள்ள வைக்கும். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் விடை தரும் நூல் எந்த நாட்டில் வந்திருந்தாலும் வாங்கத் தகுந்தது. அதைப் படித்துக்கொண்டே ஒரு ஆக்ஃபா கிளிக்கைக் கழற்றி மாட்டலாம். ஒரு ஷட்டர், ஒரு லென்ஸ், கெட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இரண்டு இடங்கள் காலியாகவே இருக்கின்றன. தமிழிலும் தெலுங்கிலும் கேமரா பழுதுக்கென்றே நிமி முறையில் எழுதப்பட்ட ஒரு நூல் வேண்டும். அளவீட்டுப் பாடமும் மின்சுற்றுப் பாடமும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பூஞ்சை, ஷட்டர், மவுண்ட் தூரம், பிளாஷ், சிசிடிவி உறை என்று புதிதாக எழுத வேண்டியவை சில அத்தியாயங்கள்தான். ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கான நூலாக அதை நிமி கொண்டுவரலாம், கொண்டுவர வேண்டும். இன்னொரு காலியிடத்தை நிமியால் நிரப்ப முடியாது. மாடலுக்கு மாடல் மாறும் அளவுகளும், டிஜிட்டல் கேமராவைத் திரும்ப ஒழுங்குபடுத்தும் மென்பொருளும் தயாரிப்பாளர்களின் பூட்டுக்குள் இருக்கின்றன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை வகுக்கக் குழு அமைத்தபோது விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோக மின்பொருள், வாகனம் ஆகிய துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. கேமராவும் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். அதுவரை நான் மூன்றாவதாகச் சொன்ன நூலை, சித்தூர் மெக்கானிக் யாரோ நகலெடுத்துக் கைமாற்றிவிட்ட மங்கலான பக்கங்களாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.